பதிமூணு எக்ஸ்பான்ஷனும் ஒரு காந்தி மார்க்கெட்டும்

கையில 1,500 ரூபாய் இருக்கு. கண்ணு முன்னாடி 13 எக்ஸ்பான்ஷன் இருக்கு. அதுல ஒண்ணை ஏற்கனவே வாங்கி சொந்த செலவுல சூனியம் வச்சுக்கிட்டாச்சு, மீதி 12. இப்ப இருக்குற காசுக்கு ஒண்ணோ ரெண்டோ வாங்கலாம். தள்ளுபடி நல்லா விழுந்தா மூணு. எதை வாங்குறது? காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்குக் கூட அடியேன் இவ்வளவு யோசிச்சதில்லைங்க :-)

"ஒரு கேமுக்கு இம்புட்டு பில்டப்பா?"ன்னு நீங்க கேக்குறது காதுல விழுது. அந்த 1,500 எப்படி வந்துச்சுன்னு சொல்லிட்டா புரிஞ்சிடும். எங்க வீடு தாராநல்லூர். அப்பா காந்தி மார்க்கெட்ல சின்னதா ஒரு காய்கறி கமிஷன் மண்டி வச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை விடியக்காலைல போய் நான் சிட்டை எழுதிக் கொடுப்பேன். அதுக்கு அப்பா கொடுக்குற கூலிதான் இது. ஊரே தூங்குற நேரத்துல தக்காளிப் பெட்டி எண்ணி, கணக்கு எழுதி, மூணு மாசமா சேர்த்த காசு. இதை ஒரே கிளிக்ல கரைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிக்கணுமா இல்லையா?

யோசிச்சதுல கிடைச்ச முடிவை முதல்லயே சொல்லிடுறேன். அவசரமா போறவங்க இதோட கிளம்பலாம். எக்ஸ்பான்ஷன் வாங்க யார் போட்ட டாப் டென் லிஸ்ட்டையும் பார்க்காதீங்க. உங்க ஊர் எங்க மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு பாருங்க. அந்த இடத்துக்கு எது மருந்தோ அதை மட்டும் வாங்குங்க. மீதியெல்லாம் எவ்வளவு மலிவா கிடைச்சாலும் வேஸ்ட்டுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கேம் தெரியாதவங்களுக்கு

கேம் பேரு சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ். 2015 மார்ச்ல வந்தது. பண்ணினது பின்லாந்துல இருக்குற கொலாசல் ஆர்டர்ங்கிற சின்னக் கம்பெனி, வெளியிட்டது ஸ்வீடன்காரங்களான பாரடாக்ஸ். வெறும் நிலத்தைக் கொடுப்பாங்க. நீங்க ரோடு போடணும், கரண்ட் தண்ணி கொடுக்கணும், எது வீடு எது கடை எது ஃபேக்டரின்னு மண்டலம் பிரிக்கணும். ஜனங்க தானா வந்து குடியேறுவாங்க. நீங்கதான் மேயர். எலெக்‌ஷன் தொல்லை கிடையாது, அது ஒரு வசதி.

2015-ல இருந்து 2023 வரைக்கும் இதுக்கு சின்னதும் பெரிசுமா 13 எக்ஸ்பான்ஷன் வந்திருக்கு. முதல் கேமோட விலையை விட இதுங்களோட மொத்த விலை பல மடங்கு. அதாவது இட்லி மலிவு, சட்னி தனிக் காசு.

நான் அதுல கட்டிக்கிட்டு இருக்குறது நம்ம திருச்சி. நடுவுல காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், ரெண்டுக்கும் நடுவுல ஸ்ரீரங்கம் தீவு. ஸ்ரீரங்கம் கட்டுறது ரொம்ப சுலபம். கோவிலைச் சுத்தி ஏழு பிரகாரம், வெளிப் பிரகாரங்கள்ல வீடும் கடையும். சித்திரை வீதி, உத்திர வீதின்னு சதுரத்துக்குள்ள சதுரமா ரோடு போட்டா போதும். பல நூறு வருசத்துக்கு முன்னாடியே எவனோ ஒரு நல்ல மேயர் நமக்காக மேப்பை வரைஞ்சு வச்சுட்டுப் போயிருக்கான்.

தகராறு இந்தப் பக்கம்தான். காந்தி மார்க்கெட்.

என் ஊர் நின்ன இடம்

ஜனத்தொகை 40,000 தாண்டுனதும் என் மார்க்கெட் ஸ்தம்பிச்சுப் போச்சு. கடை மண்டலத்துக்கு சரக்கு ஃபேக்டரியில இருந்தோ, ஹைவே வழியா வெளியூர்ல இருந்தோ லாரியிலதான் வரணும். லாரி எல்லாம் ஒரே ரோட்டுல வரிசை கட்டி நிக்குது. இந்த கேம்ல வண்டிங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். அடுத்து எங்க திரும்பணுமோ அந்த லேனை ரொம்ப முன்னாடியே பிடிச்சுக்கும். மூணு லேன் ரோட்டுல ரெண்டு காலியா கிடக்கும், ஒண்ணுல மட்டும் அரை கிலோமீட்டர் க்யூ. சரக்கு வரலைன்னா கடை தலையில "விக்க சரக்கு இல்லை"ன்னு ஒரு அடையாளம் வரும். கொஞ்ச நாள் அப்படியே விட்டா கடையை மூடிட்டுப் போயிடுவாங்க. குப்பை வண்டியும் ஆம்புலன்ஸும் அதே க்யூவுல.

ஒரு நாள் ராத்திரி இதை வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். மண்டிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அப்பா வந்து பின்னாடி நின்னார்.

"என்னடா தம்பி இது?"

"நம்ம திருச்சிப்பா."

"மார்க்கெட் எது?"

காட்டினேன். கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தார்.

"ஏன்டா பட்டப்பகல்ல லாரியை உள்ள விட்டிருக்க?"

அவ்வ்வ்வ். மூணு வாரமா நான் யோசிக்காத கேள்வி. நிஜ மார்க்கெட்ல மொத்த வியாபாரம் ராத்திரி வேலை. லாரி ராத்திரி வரும், லோடு இறங்கும், விடியறதுக்குள்ள ஏலமும் பேரமும் முடிஞ்சு தள்ளுவண்டிக்காரரும் குட்டி யானைக்காரரும் ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க. அதே தெருவுல பகல்ல சில்லறை. ஒரே இடத்தை ரெண்டு ஷிஃப்ட்டா பயன்படுத்துறாங்க. கேம்ல பகல் இரவு உண்டு, ஆனா லாரி ராத்திரி மட்டும்தான் வரணும்னு சட்டம் போட வழியில்லை. ஒரு ஏரியாவுக்கு கனரக வாகனத் தடை போடலாம். ஆனா அது 24 மணி நேரத் தடை.

அப்பா கிளம்பிட்டார். நான் அதுக்கப்புறம்தான் எக்ஸ்பான்ஷன் லிஸ்ட்டைத் திறந்தேன். அதாவது கேள்வி முதல்ல, கடை அப்புறம். போன தடவை நான் பண்ணின தப்பே இதைத் தலைகீழா பண்ணினதுதான்.

ஸ்னோஃபால் வாங்கின கதை

போன வருசம் ஒரு தள்ளுபடியில இருக்குறதுலயே மலிவா இருந்ததைப் பார்த்து வாங்கினேன். பேரு ஸ்னோஃபால். பனி பெய்யும், ரோட்டுல பனி தள்ளுற வண்டி ஓடும், வீடுகளுக்குச் சூடேத்தணும். வாங்கினவன் ஊர் திருச்சி. பங்குனி வெயில்ல தார் ரோடு உருகுற ஊர்ல பனி தள்ளுற வண்டி! இதுல ட்ராமும் உண்டுங்கிறதால பாலக்கரையில ஒரு ட்ராம் விட்டுப் பார்த்தேன். ரெண்டு நாள் அழகா இருந்தது. மூணாவது நாள் மறந்துட்டேன். பொருள் மேல குத்தம் இல்லை, குளிர் தேசத்து ஊர் கட்டுறவனுக்கு அது தங்கம். எனக்கு அது தேவையே இல்லைங்கிறதுதான் விசயம்.

விலை குறைவுங்கிறது வாங்குறதுக்கு ஒரு காரணமே கிடையாது. 80 சதவீதம் தள்ளுபடின்னா 80 ரூபாய் மிச்சம்னு நம்ம மூளை கணக்குப் போடும். பேரேட்டுல எழுதிப் பாருங்க, 20 ரூபாய் செலவுன்னுதான் வரும். மிச்சம்னு பத்து எழுத அங்க இடமே இல்லை.

கள்ளிக்குடி: நிஜத்துல வாங்கின எக்ஸ்பான்ஷன்

இந்தத் தப்பை நான் மட்டும் பண்ணலை. எங்க ஊரும் பண்ணியிருக்கு, அதுவும் கோடிக்கணக்குல.

காந்தி மார்க்கெட்ல நெரிசல் தாங்க முடியலைன்னு, மதுரை ஹைவேல மணிகண்டம் பக்கம் கள்ளிக்குடியில காய், பழம், பூவுக்குன்னு ஒரு மத்திய வணிக வளாகம் கட்டினாங்க. செலவு சுமார் 77 கோடி. திறப்பு விழா 2017-ல. கட்டடம் ரெடி, கடை ரெடி, ரோடு ரெடி. வியாபாரிங்க போகலை. கடை சின்னது, ஊரை விட்டு தூரம், வாங்குறவங்க அங்க வர மாட்டாங்கன்னு சொன்னாங்க. பேச்சுவார்த்தை, போராட்டம், கோர்ட்டுன்னு வருசங்கள் ஓடுச்சு.

2020 கொரோனா ஊரடங்குல காந்தி மார்க்கெட்டை மூடினப்போ மொத்த வியாபாரத்தை பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாத்தினாங்க. மழை பெஞ்சா சேறு, வெயில் அடிச்சா தகரக் கொட்டகை. நான் அப்ப ஸ்கூல் பையன். அப்பா அந்த மாசங்கள்ல வீட்டுல சரியா பேசினதே இல்லை. திறக்கக் கூடாதுன்னு ஹைகோர்ட் மதுரைக் கிளையில வழக்கு, இடைக்காலத் தடைன்னு போய், அந்த வருசம் நவம்பர் கடைசியிலதான் மார்க்கெட் திரும்பத் திறந்தது. அன்னைக்கு அம்மா கடைப் பூட்டுக்கு மஞ்சள் குங்குமம் வச்சாங்க. ஒரு பூட்டுக்குப் பொட்டு வச்சதை நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

அந்த சமயம் நான் அப்பாகிட்ட ஒரு தடவை கேட்டேன், "புதுசா, பெரிசா, சுத்தமா கட்டிக் கொடுக்குறாங்கல்ல, போனா என்னப்பா?"ன்னு.

"நான் போயிடுவேன்டா. எங்கிட்ட வாங்குற கிழவி எப்படிப் போவா?"

அவர் சொன்னது கூடையோட முதல் பஸ் பிடிச்சு வர்ற பாட்டிங்களை. ரெண்டு கூடை காய் எடுத்து, தெருவுல வித்து, சாயங்காலம் காசு கொடுக்குறவங்க. அவங்களுக்கு கூடுதலா ஒரு பஸ் மாறணும்னா அன்னைய லாபம் அதுலயே போயிடும். மார்க்கெட்டுன்னா கட்டடம்னு நாம நினைக்கிறோம். அது நாலா பக்கமும் இருந்து ஜனங்க நடந்தும் பஸ்லயும் வந்து சேர்ற ஒரு முடிச்சு. கட்டடத்தை மட்டும் பேத்து வேற இடத்துல வச்சா முடிச்சு கூடவே போகாது.

மாநகராட்சி தரப்பையும் சொல்லணும். அந்த நெரிசல் நிஜம். ஆம்புலன்ஸ் நுழைய முடியாத தெரு நிஜம். மழைக்காலத்துல அழுகின முட்டைக்கோஸ் நாத்தமும் நிஜம், எங்க வீடு வரைக்கும் வரும். ஏதோ ஒண்ணு செஞ்சே ஆகணும்ங்கிறதுல தப்பு இல்லை. எதை வாங்குறதுங்கிறதுலதான் தப்பு.

இப்ப அடுத்த முயற்சி பஞ்சப்பூர்ல. 2025 மே 9-ந்தேதி அங்க ஒருங்கிணைந்த பேருந்து முனையத்தைத் திறந்தாங்க, ஜூலை 16-ல இருந்து பஸ் ஓட ஆரம்பிச்சது. அதே மே 9-ந்தேதி பக்கத்துலயே மொத்தக் காய்கறி அங்காடிக்கு 236 கோடி மதிப்புல அடிக்கல் நாட்டினாங்க. இதுல எனக்குப் பிடிச்ச ஒரே விசயம், இந்த முறை சந்தைக்குப் பக்கத்துலயே பஸ் ஸ்டாண்ட் இருக்கு. அதாவது கூடைக்காரப் பாட்டி எந்த பஸ்ல வருவாங்கங்கிற கேள்விக்கு ஒரு பதிலாவது இருக்கு. விடியக்காலை 3 மணிக்கு அந்த பஸ் வருமான்னுதான் நான் பார்ப்பேன்.

மூணு கேள்வி

இவ்வளவு யோசிச்ச பிறகு, எக்ஸ்பான்ஷன் வாங்க எனக்கு நானே மூணு கேள்வி வச்சுக்கிட்டேன்.

1. இப்ப என் ஊர்ல இருக்குற எந்தக் குறைக்கு இது பதில்? குறையே இல்லைன்னா வாங்காதே.

2. காசில்லாம அதே குறையைத் தீர்க்க முடியுமா? ஒவ்வொரு எக்ஸ்பான்ஷன் வந்தப்பவும் காசு கொடுக்காதவங்களுக்கும் சேர்த்து ஒரு இலவச அப்டேட் கொடுத்திருக்காங்க. பகல் இரவு மாறுறதே அப்படி வந்ததுதான். ஸ்டீம்ல வாங்கினவங்களுக்கு ரசிகர்கள் பண்ணின மாட் ஆயிரக்கணக்குல இலவசம். லேன் பிரச்சினைக்கு டிராஃபிக் மேனேஜர்னு ஒரு மாட் இருக்கு, எந்த லேன் எந்தப் பக்கம் திரும்பணும்னு நாமளே முடிவு பண்ணலாம். நிலம் பத்தலைன்னா 81 டைல்ஸ் மாட்.

3. இதை தினம் தொடுவேனா, ஒரு தடவை பார்த்துட்டு மூடிடுவேனா? பிளஸ் ஒன் எகனாமிக்ஸ்ல படிச்சோமே, குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. முதல் லட்டு அமிர்தம், அஞ்சாவது லட்டு தண்டனை. எக்ஸ்பான்ஷனும் அதே மாதிரிதான்.

12-க்கும் தீர்ப்பு

நேச்சுரல் டிஸாஸ்டர்ஸ் (2016): பூகம்பம், சுனாமி, விண்கல். என் ஊர்ல லாரியே போதுமான பேரழிவு. வேண்டாம்.

கிரீன் சிட்டீஸ் (2017): மாசு குறையும், ஐ.டி. அலுவலகம் வரும். நல்லதுதான், அவசரமில்லை.

பார்க்லைஃப் (2018): பூங்கா, மிருகக்காட்சி சாலை, சுற்றுலா. ஊர் அழகா இருக்கணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல வாங்க வேண்டியது. எனக்கு அழகு அப்புறம்.

கேம்பஸ் (2019): திருச்சியில தெருவுக்கு ஒரு காலேஜ். ஆசையாத்தான் இருக்கு. ஆனா பகல்ல காலேஜ், ராத்திரியும் காலேஜா?

சன்செட் ஹார்பர் (2020): மீன்பிடி, வெளியூர் பஸ், ட்ராலி பஸ். கடலோர ஊருக்கு அருமை. நாகப்பட்டினத்துக்காரங்க யோசிக்கலாம்.

ஏர்போர்ட்ஸ் (2022): சாதாரண ஏர்போர்ட் முதல் கேம்லயே உண்டு. அது போதும்.

ஹோட்டல்ஸ் அண்ட் ரிட்ரீட்ஸ் (2023): அடுத்த ஜென்மம்.

ஃபைனான்ஷியல் டிஸ்ட்ரிக்ட்ஸ் (2022): இதுலதான் நான் வழுக்கி விழப் பார்த்தேன். பேங்க், ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச், முதலீடு. பி.காம். பையனுக்கு இதைவிட என்ன வேணும்? ஆனா கேள்வி நம்பர் ஒண்ணு: என் ஊர்ல பணப் பஞ்சமா? இல்லை. கஜானா ரொம்பி வழியுது. சரக்குதான் நகர மாட்டேங்குது. நான் யாருங்கிறதை வச்சு வாங்கக் கூடாது, என் ஊருக்கு என்ன வேணுங்கிறதை வச்சு வாங்கணும். மனசைக் கல்லாக்கிக்கிட்டு நகர்ந்தேன்.

ஆஃப்டர் டார்க் (2015): சைக்கிள் பாதை, பஸ் லேன், டாக்ஸி, கப்பலையும் ரயிலையும் இணைக்கிற சரக்கு மையம். மோசமில்லை. ஆனா எனக்குக் கப்பல் இல்லை.

மீதி மூணு: மாஸ் ட்ரான்ஸிட், இண்டஸ்ட்ரீஸ், பிளாஸாஸ் அண்ட் ப்ராமனேட்ஸ்.

நண்பனோட சண்டை

உத்திர வீதி நண்பன் ஒருத்தன் இருக்கான். அவனும் இதே கேம்தான். "கண்ணை மூடிக்கிட்டு மாஸ் ட்ரான்ஸிட் வாங்குடா, எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க"ங்கிறான். 2017-ல வந்தது. படகு, கேபிள் கார், மோனோரயில், பலவகை வண்டி ஒரே இடத்துல மாறுற நிலையங்கள். நல்ல எக்ஸ்பான்ஷன், மறுக்கலை. அவன் கட்டுறது ஜனம் நெரியுற ஊர். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன் வேற எப்படி யோசிப்பான்? அவனுக்கு அது சரி.

ஆனா என் க்யூவுல நிக்கிறது ஆள் இல்லை, லாரி. ஊருக்குள்ள பத்து மோனோரயில் விட்டாலும் தக்காளி அதுல ஏறாது. நெரிசல்னு ஒரே வார்த்தை சொல்றோம், ஆள் நெரிசலும் சரக்கு நெரிசலும் வேற வேற வியாதி. காய்ச்சலுக்கு மாத்திரை எழுதுறதுக்கு முன்னாடி ரத்தம் டெஸ்ட் பண்ணணும் சாமி.

அதனால என் முதல் ஓட்டு இண்டஸ்ட்ரீஸ் (2018). விவசாயம், மரம், தாது, எண்ணெய்னு நாலு தொழிலுக்கும் விளையுற இடத்துல இருந்து கடைசிப் பொருள் வரைக்கும் சங்கிலியா நாமளே கட்டலாம். எனக்கு முக்கியம் அதுல வர்ற கிடங்கு. ஊர்ல எங்க வேணும்னாலும் வைக்கலாம், எந்தச் சரக்குன்னு தேர்ந்தெடுக்கலாம், நிரப்பு, காலி பண்ணு, சமமா வைன்னு உத்தரவு போடலாம். சுங்கச் சாவடியும் உண்டு.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். இண்டஸ்ட்ரீஸ் வாங்கினா லாரி குறையாது. பார்த்து வைக்கலைன்னா கூடவே செய்யும். முதல் கேம்லயே இருக்குற சரக்கு ரயில் நிலையத்தை மார்க்கெட் பக்கத்துல வச்சு நான் பட்ட பாடு தெரியுமா? ஊர்ல இருக்குற அத்தனை லாரியும் அந்த ஒரே வாசலுக்கு வந்து நின்னுடுச்சு. மருந்தே வியாதி ஆயிடுச்சு. அதனால ரயில் நிலையமும் கிடங்கும் ஊருக்கு வெளிய, ஹைவே ஓரத்துல. அங்கிருந்து மார்க்கெட்டுக்கு லாரிக்குன்னு தனி ரோடு. இதைத்தான் செய்யப் போறேன்.

திட்டத்தை அப்பாகிட்ட காட்டினேன். "இறக்குற இடம் வெளிய, விக்கிற இடம் உள்ள"ன்னு பெருமையா சொன்னேன்.

"ரெண்டு தடவை ஏத்து இறக்குக் கூலி யார் கொடுப்பா? ரெண்டு தடவை கை மாறுனா தக்காளி என்ன ஆகும்?"

அதுக்கு கேம்ல பதில் இல்லை. கேம்ல தக்காளி நசுங்காது. லோடுமேன் அண்ணன்களுக்கு முதுகு வலிக்காது.

மொத்தமா வாங்கினா மலிவாமே?

நண்பன் விடலை. "எல்லாத்தையும் சேர்த்து மூட்டையா தள்ளுபடியில வாங்கினா ஒண்ணோட விலை ரொம்பக் குறையும்டா"ன்னான். மூட்டை விலையைப் பத்தி மண்டிக்காரன் மகன்கிட்டயா சொல்ற? மூட்டையா எடுத்தா மலிவுதான், நாலு நாள்ல வித்துட முடியும்னா. இல்லைன்னா பாதி மூட்டை அழுகும். நான் தொடப் போறது மூணே எக்ஸ்பான்ஷன்னா, மொத்த விலையை 13-ஆல வகுக்கக் கூடாது, மூணால வகுக்கணும். அப்படி வகுத்துப் பாருங்க, மலிவு எங்க போகுதுன்னு தெரியும்.

அடுத்த வாதம்: "ஏற்கனவே இவ்வளவு செலவு பண்ணிட்டேன், செட்டை முழுசாக்கிடலாம்." இதுக்குப் பேரு மூழ்கிய செலவு. போனது போச்சு. ஸ்னோஃபால் வாங்கின காசு, அடுத்து ஏர்போர்ட்ஸ் வாங்கக் காரணம் ஆகாது.

இன்னொரு ஆள், "பழசை விடு, ரெண்டாம் பாகம் வாங்கு"ன்னார். சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2 வந்தது 2023 அக்டோபர்ல. நல்ல கம்ப்யூட்டர்லயே திணறுதுன்னு பெரிய புகார். அது தீரும் முன்னாடி 2024 மார்ச்ல பீச் ப்ராப்பர்ட்டீஸ்னு கடற்கரை வீடுங்களைக் காசுக்கு வித்தாங்க. ஜனம் கொந்தளிச்சுது. அடுத்த மாசமே கம்பெனி மன்னிப்புக் கேட்டு, அதை இலவசமாக்கி, காசையும் திருப்பிக் கொடுத்தது. தப்பை ஒத்துக்கிட்டதுக்கு மரியாதை. பாடம் என்னன்னா, அஸ்திவாரம் ஆடும்போது மாடி கட்டக் கூடாது. நம்ம செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புக்கு ரெண்டாம் பாகம் நினைச்சே பார்க்க முடியாதுங்கிறது தனிக் கதை.

எதிர் உதாரணமும் உண்டு. சிம்சிட்டி 4 வந்தது 2003 ஜனவரியில. அதே வருசம் செப்டம்பர்ல ரஷ் அவர்னு ஒரு எக்ஸ்பான்ஷன். முழுக்க முழுக்க போக்குவரத்து. ஊர் கட்டுறவன் தினம் தலையைப் பிச்சுக்கிட்ட இடத்துக்கே மருந்து. எக்ஸ்பான்ஷன்னா அப்படி இருக்கணும்.

கடையில இல்லாத எக்ஸ்பான்ஷன்

கேம்ல ஒரு பட்டன் இருக்கு. எந்தப் பெரிய கட்டடத்தையும் தூக்கி வேற இடத்துல வச்சிடலாம், கொஞ்சம் பணம்தான் செலவு. மறு நிமிசம் ஜனங்க அங்க வர ஆரம்பிச்சிடுவாங்க. ஒருத்தர் கூட "நான் போக மாட்டேன்"னு சொல்றதில்லை. அந்த பட்டனை அழுத்தி அழுத்தி எனக்கே ஒரு நினைப்பு வந்துடுச்சு, நிஜ ஊரும் இப்படித்தான்னு. கள்ளிக்குடியைக் கட்டினவங்க மனசுலயும் அந்த பட்டன் இருந்திருக்கும்னு தோணுது.

அப்பா மண்டியில ஒரு கடன் நோட்டு இருக்கு. காலையில காய் எடுத்து சாயங்காலம் காசு கொடுக்குறவங்க கணக்கு. ஊர்ப் பேரு, அடையாளம், தொகை. சிலருக்குப் பேரே இருக்காது, "பச்சைக் கூடை"ன்னு மட்டும் எழுதியிருக்கும். அப்பாவுக்கு ஆளைத் தெரியும். அந்த நோட்டுதான் மார்க்கெட். அதைச் சேர்க்கிற எக்ஸ்பான்ஷன் அந்த 13-ல எதுலயும் இல்லை. வந்தா முழு விலைக்கு முதல் ஆளா வாங்குவேன்.

இறுதித் தீர்ப்பு

முதல்ல இண்டஸ்ட்ரீஸ். காசு மிச்சம் இருந்தா பிளாஸாஸ் அண்ட் ப்ராமனேட்ஸ் (2022). வண்டி நுழையாத நடை வீதி, சரக்கையும் குப்பையையும் ஓரமா ஒரு இடத்துல வாங்கிக் கொடுக்குற மையம். தீபாவளி நேரத்து என்.எஸ்.பி. ரோட்டையும் தெப்பக்குளத்தையும் பார்த்தவங்களுக்கு அது ஏன்னு விளக்க வேண்டியதில்லை. மாஸ் ட்ரான்ஸிட், இந்த ரெண்டையும் ஒரு வருசம் நல்லா தேய்ச்ச பிறகு. அதுவும் ஜன நெரிசல் வந்தா மட்டும்.

அதுவும் இன்னைக்கே வாங்கப் போறதில்லை. இலவச மாட் போட்டு லேனைச் சரி பண்ணி, லாரி ரோட்டைத் தனியா பிரிச்சு, ரெண்டு வாரம் ஓட்டிப் பார்க்கப் போறேன். அதுலயே க்யூ கரைஞ்சுதுன்னா 1,500-ம் அப்படியே மிச்சம். கரையலைன்னா, தள்ளுபடி வர்ற வரைக்கும் காத்திருந்து இண்டஸ்ட்ரீஸ்.

நேத்து அப்பா கேட்டார், "என்னடா, உன் மார்க்கெட்டை எங்க மாத்தப் போற?"

"மாத்தலைப்பா. ரோட்டை மட்டும் மாத்துறேன்."

அவர் ஒண்ணும் சொல்லலை. சட்டையை மாட்டிக்கிட்டு கிளம்பினார். வாசல்ல நின்னு, "ஞாயித்துக்கிழமை சீக்கிரம் வா, லோடு ஜாஸ்தி"ன்னு மட்டும் சொன்னார்.

கூலி ஏத்திக் கேக்கலாம்னு இருக்கேன் :-)